ஆடுங்கள், ரசியுங்கள், எழுந்து நடங்கள்

(மூத்த குடியிருப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுகாதாரப் பேச்சு என்றதும் சர்க்கரையைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று தொடங்கிவிடுவார்கள் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அதைச் சற்று ஒதுக்கி வைப்போம். கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றியும் சினிமா நட்சத்திரங்களைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

"இதற்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு பிற்பகல் வேளையில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். ஒரு மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். அதற்குரியவர் கைப்பேசியில் வண்ண மிட்டாய்களை வரிசை வரிசையாக உடைத்துக்கொண்டிருப்பார். அடுத்த மேசையில் இருவர் யாரோ ஒரு நடிகரின் புதுப்பட முன்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நம் நாளின் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. நேரம் எங்கே போகிறதோ, உடம்பும் அங்கேதான் போகும்.

இதில் தவறில்லை. ஆனால் எந்தப் பொழுதுபோக்கையும் ஒரு கேள்வியைக் கொண்டு அளந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இது என்னை நாற்காலியிலிருந்து எழுப்புகிறதா, நாற்காலியோடு கட்டிப்போடுகிறதா? இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

விளையாட்டு நமக்குப் புதிதல்ல

தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் எல்லாம் நம் வீடுகளில் இருந்தவை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் கேரம் பலகையைச் சுற்றி நின்ற கூட்டமும் நினைவிருக்கும். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் லூடோ, பச்சீசி என்ற பழைய இந்திய ஆட்டத்தின் வழி வந்ததுதான். மும்பையில் உருவான 'லூடோ கிங்' 2016ல் வெளிவந்தது. 2020ல் கொவிட் நம்மை வீட்டுக்குள் அடைத்தபோது, வெவ்வேறு ஊர்களில் இருந்த குடும்பத்தினரை அது ஒரே பலகையில் உட்கார வைத்தது. ஆகவே, "விளையாட்டெல்லாம் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2023 ஜூனில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரமே நம் சிங்கப்பூரில் நடந்தது.

ஆனால் பழைய ஆட்டத்திற்கும் கைப்பேசி ஆட்டத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பல்லாங்குழிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். ஆட்டம் முடிந்தால் பலகையை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். கைப்பேசி ஆட்டம் முடிவதே இல்லை. ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் திறக்கும். தோற்றால், "இன்னும் ஒரு முறை" என்று கூப்பிடும். "இன்று வரவில்லையே, பரிசு காத்திருக்கிறது" என்று மணி அடித்து நினைவூட்டும். எப்போது பரிசு விழும் என்று தெரியாமல் இருப்பதுதான் நம்மை விடாமல் பிடித்துவைக்கிறது. இது உங்கள் மனவலிமைக் குறைவு அல்ல. ஆட்டத்தை அப்படித்தான் வடிவமைக்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதும் இடம்பெற்றுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. எவ்வளவு நேரம் ஆடுவது என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது முதலாவது. சாப்பாடு, தூக்கம், குடும்பம் எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாவது இரண்டாவது. கெடுதல் வருவது தெரிந்தும் நிறுத்த முடியாமல் தொடர்வது மூன்றாவது. விளையாடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கோளாறு இல்லை. ஆகவே பயப்பட வேண்டாம். அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நடக்க வைத்த ஓர் ஆட்டம்

எல்லா மின்விளையாட்டும் உட்கார வைப்பதில்லை. 'போக்கிமான் கோ' என்ற ஆட்டம் 2016 ஆகஸ்ட் 6ஆம் தேதி சிங்கப்பூரில் அறிமுகமானது. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால்தான் அதில் வரும் கற்பனை உயிரினங்களைப் பிடிக்க முடியும். ஹவ்காங்கில் புளோக் 401ஐச் சுற்றி அப்போது திரண்ட கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். இளையர்கள் மட்டும் அல்ல, நம் வயதுக்காரர்களும் அதில் இறங்கினார்கள். இளையர்கள் பலர் வேறு ஆட்டங்களுக்குப் போன பிறகும், மூத்தவர்கள் பூங்காக்களிலும் கடைத்தொகுதிகளுக்கு வெளியிலும் கூட்டமாக நின்று ஆடியதைப் பார்த்திருப்பீர்கள்.

இது உடம்புக்கு உதவியதா? அமெரிக்காவில் இளம் வயதினரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆட்டத்தைத் தொடங்கிய முதல் வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் ஆறாவது வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள். புதுமை தீர்ந்ததும் கால்களும் ஓய்ந்துவிட்டன.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆட்டம் நம்மை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரலாம். ஆனால் நாள்தோறும் வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் கூட வரும் ஆள்தான் என்பது என் கருத்து. "காலை ஏழு மணிக்குக் கீழே காத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போகாமல் இருக்க முடியுமா? நம் மூத்தவர்கள் அந்த ஆட்டத்தை விடாமல் ஆடியதற்கு அங்கே கிடைத்த நட்பும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

போக்கிமான் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஹெல்தி 365' செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்த அடிகளை எண்ணி, புள்ளிகள் தந்து, அவற்றைப் பற்றுச்சீட்டுகளாக மாற்றிக்கொள்ள வைக்கும் அதுவும் ஒரு வகையில் விளையாட்டுத்தான்.

எம்ஜிஆர் ரசிகரும் டெய்லர் சுவிஃப்ட் ரசிகையும்

இனி நட்சத்திரங்களைப் பார்ப்போம். 2024 மார்ச்சில் பாடகி டெய்லர் சுவிஃப்ட் நம் தேசிய விளையாட்டரங்கில் ஆறு நிகழ்ச்சிகள் நடத்தினார். நுழைவுச்சீட்டுக்காக இளையர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, "ஒரு பாட்டுக்காரிக்காகவா இவ்வளவு?" என்று நம்மில் சிலர் தலையில் அடித்துக்கொண்டோம்.

கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். எம்ஜிஆர் படமா, சிவாஜி படமா என்று ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்த காலம் ஒன்று இருந்ததே! மெக்கன்சி ரோட்டில் 1946ல் திறந்த ரெக்ஸ் போன்ற திரையரங்குகள் நம் தலைமுறைக்கு வெறும் கட்டடங்களா என்ன? வரிசையில் நின்றோம், வசனத்தை மனப்பாடம் செய்தோம், சட்டையையும் தலைமுடியையும் அவர்களைப் போலவே வைத்துக்கொண்டோம். ஆகவே பேத்தியைக் கேலி செய்வதைவிட, "உனக்கு அந்தப் பாடகியை ஏன் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் எம்ஜிஆர் கதையைச் சொல்லுங்கள். இரண்டு தலைமுறை ஒரு மேசையில் அரை மணி நேரம் பேசினால் அது மனத்துக்கு நல்லது.

அந்தக் காலத்து ரசனையில் இன்னொரு நன்மையும் இருந்தது. படம் பார்க்க வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும், பேருந்து ஏற வேண்டும், நாலு பேரைச் சந்திக்க வேண்டும். இன்று நட்சத்திரம் நம் உள்ளங்கைக்கே வந்துவிட்டார். ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது தானாகவே தொடங்கிவிடுகிறது. நாம் அசையவே வேண்டியதில்லை. கவலையும் அங்கேதான்.

நட்சத்திரத்திடமிருந்து எதைக் கற்பது?

ஒரு காலத்தில் நட்சத்திரத்தைப் பார்த்து நாம் கெட்டதையும் கற்றுக்கொண்டோம். எம்ஜிஆர் திரையில் புகைபிடிப்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார். ஆனால் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் பிடிக்கும் பாணியைப் பார்த்து, அதைச் செய்துபார்த்த இளைஞர்கள் எத்தனை பேர்! 2002ல் 'பாபா' படம் வந்தபோது தமிழ்நாட்டில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2007ல் வந்த 'சிவாஜி' படத்தில் சிகரெட்டுக்குப் பதில் சூயிங்கம்மைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார். நம் ஊரில் 1992 முதல் சூயிங்கம்முக்கும் தடை என்பதால், சிங்கப்பூர் ரசிகர்களுக்கு அந்தப் பாணியும் எட்டாக்கனியாகவே இருந்தது!

அதே ரஜினிகாந்திடம் பின்பற்ற வேண்டிய வேறொன்று உண்டு. 2011 மே மாத இறுதியில் அவர் சிறுநீரகப் பிரச்சினைக்குச் சிகிச்சை பெற இங்கே மவுண்ட் எலிசபெத் மருத்துவமனைக்கு வந்தார். குணமடைந்து ஜூலையில் சென்னை திரும்பினார். பின்னர் 2020 டிசம்பரில், கட்சி தொடங்கப்போவதாக அறிவித்து ரசிகர்கள் ஆரவாரத்தில் இருந்தபோது, ரத்த அழுத்தம் ஏறி இறங்கியதால் ஹைதராபாத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில நாள்களில், டிசம்பர் 29ஆம் தேதி, உடல்நிலையைக் காரணம் காட்டிக் கட்சி தொடங்கவில்லை என்று அறிவித்துவிட்டார். ரசிகர்களில் பலருக்குப் பெரும் ஏமாற்றம். மனத்தை மாற்றிக்கொள்ளும்படி சென்னையில் கூடிக் கேட்டுக்கொண்டார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அரசியலை விடுங்கள். திரையில் நூறு பேரை ஒற்றைக் கையால் சாய்ப்பவர், உடம்பு சொன்னதைக் கேட்டுத் திட்டத்தை மாற்றிக்கொண்டார். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் நம் ரசிகர்கள் இதைத்தான் காப்பியடிக்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. தலை சுற்றவில்லை, வலிக்கவில்லை என்பதால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

முகத்துக்குப் பின்னால் யார்?

புகழ்பெற்ற முகம் நல்ல காரியத்துக்கும் உதவும். இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து இயக்கத்துக்காக அமிதாப் பச்சன் பல ஆண்டுகள் பேசினார். அங்கே இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். 2014 மார்ச்சில், போலியோ அற்ற வட்டாரம் என்ற சான்றிதழ் கிடைத்தது. அங்கே முகம் நடிகருடையது. முகத்துக்குப் பின்னால் அரசாங்கம், மருத்துவர்கள், வீடு வீடாகப் போன தொண்டூழியர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

இன்று வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளிலும் முகம் இருக்கும். பின்னால்தான் யாரும் இருக்க மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒருவரின் முகத்தையும் குரலையும் அச்சு அசலாகச் செய்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தம் முகத்தையும் குரலையும் போலியாகப் பயன்படுத்தி முதலீட்டுக்கு அழைக்கும் காணொளிகள் உலவுவதாக எச்சரித்தார். பிரதமருக்கே இந்த நிலை என்றால், நமக்குப் பிடித்த நடிகர் "ஒரே மாதத்தில் சர்க்கரை நோய் போய்விடும், இந்தப் பொடியை வாங்குங்கள்" என்று சொல்வதாகக் காட்டுவதா கடினம்?

தெரியாத இடத்தில் வாங்கும் மருந்து விளையாட்டல்ல. 2008ல் சிங்கப்பூரில் சிலர் சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மை மாத்திரைகளை வாங்கிச் சாப்பிட்டார்கள். அவற்றில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கு ரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்தது. சிலர் சுயநினைவு இழந்தார்கள், நால்வர் உயிரிழந்தார்கள். உறையில் என்ன எழுதியிருக்கிறது, யார் முகம் அச்சிட்டிருக்கிறது என்பதெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

எனவே ஒரு நடிகர் மருந்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ பேசும் காணொளி வந்தால், இந்தக் கேள்வியைக் கேளுங்கள். முகத்துக்குப் பின்னால் யார்? பதில் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள், மற்றவர்களுக்கு அனுப்பியும் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைக்கலாம். மருந்து பற்றிய சந்தேகத்தை உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். காணொளியை அவர்களிடம் காட்டிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

நாளை முதல் செய்யக்கூடியவை

1. அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். ஆட்டத்தில் ஒரு கட்டம் முடிந்ததும், அல்லது தொடரில் விளம்பரம் வந்ததும், எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

2. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் உடம்பை அசையுங்கள். நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். விழாமல் இருக்க, தசைக்கும் உடல் சமநிலைக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

3. பிடித்த இடத்திற்கே நடங்கள். சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோவிலிலிருந்து வீரமாகாளியம்மன் கோவில் வரை நடந்து பாருங்கள். வெயில் தாழ்ந்த வேளையில், பழைய திரையரங்குக் கதைகளைப் பேசிக்கொண்டு போனால் தூரமே தெரியாது.

4. நடக்கும்போது திரையைப் பார்க்காதீர்கள். ஆட்டம் கூப்பிட்டால் ஓரமாக நின்று பாருங்கள். சாலை கடக்கும் இடங்கள் பலவற்றில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால், பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடிகள் கூடுதலாக எரியும். அவசரப்பட வேண்டாம்.

5. படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகாதீர்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை வரவேற்பறையில் வைத்துவிடுங்கள். இரவு முழுவதும் ஆட்டம் காத்திருக்கும், தூக்கம் காத்திருக்காது.

6. ஆட்டத்திற்குப் பணம் செலுத்தும் வசதியைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள். தெரியாமல் ஒரு பொத்தானைத் தொட்டதற்கு மாதக் கடைசியில் பணம் கட்ட நேரக்கூடாது.

7. தனியாக ஆடுவதைக் குறைத்து, சேர்ந்து ஆடுங்கள். உங்கள் வட்டாரத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்திற்குப் போய்ப் பாருங்கள். அங்கே உடற்பயிற்சியும் உண்டு, ஆட்டமும் உண்டு, பேச ஆளும் உண்டு.

சில வீடுகளில் கைப்பேசி ஒன்றே துணையாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். துணைவரை இழந்து, பிள்ளைகள் தனியே போன பிறகு, அந்த வெளிச்சமும் சத்தமும்தான் வீட்டில் ஆள் இருப்பது போன்ற உணர்வைத் தருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் "கைப்பேசியை மூடுங்கள்" என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. அதற்குப் பதிலாக ஓர் ஆள் வேண்டும். ஆகவே உங்கள் புளோக்கில் அப்படி ஒருவர் இருந்தால், கதவைத் தட்டி, "அக்கா, கீழே வரீங்களா, நடந்துட்டு வரலாம்" என்று நீங்களே கூப்பிடுங்கள். ஒரு வேளை அவர் முதல் நாள் வர மாட்டார். மறுபடியும் கூப்பிடுங்கள். தினமும் பரிசு தருவதாகச் சொல்லி ஒரு கைப்பேசி ஆட்டம் அலுக்காமல் அழைக்கும்போது, அண்டை வீட்டாராகிய நாம் இரண்டு முறையாவது அழைக்கலாம் அல்லவா?

ஆட்டமும் வேண்டும், நட்சத்திரங்களும் வேண்டும். ரசனை இல்லாத முதுமை உப்பில்லாத பண்டம் போன்றது. நாளை காலை எந்த ஆட்டத்தைத் திறப்பதற்கும் முன்னால் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். ஆட்டம் அங்கேயேதான் இருக்கும்.